கல் செதுக்கும் வீட்டில் பிறந்து காற்றை அளந்தவர்



போன செமஸ்டரில் செமினார் தலைப்புகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். நான் எடுத்த சீட்டில் இருந்தது இது: மலைக்குப் பக்கத்தில் இருக்கும் விமான நிலையங்களில், திடீர்க் காற்று மாற்றத்தை லேசர் கதிரால் கண்டுபிடிப்பது எப்படி? நானாக ஆசைப்பட்டு எடுத்த தலைப்பு இல்லை. மோட்டார், பம்பு என்று கைக்கு அடக்கமாக ஏதாவது வரும் என்று பார்த்தால் காற்றும் மலையும் விமானமும் வந்து நின்றன.

சரி, ஆனது ஆகட்டும் என்று சார்ட் எல்லாம் எழுதி, கரும்பலகையில் டாப்ளர் சூத்திரத்தையும் போட்டுவிட்டு, பெரிய ஆள் மாதிரி திரும்பி நின்றேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்த சூத்திரத்தில் இருக்க வேண்டிய இரண்டு எங்கே போச்சு என்றார். நான் நோட்ஸைப் பார்த்தேன், சார்ட்டைப் பார்த்தேன், மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன். பதில் எங்கேயும் இல்லை. வகுப்பே சிரித்தது. உங்களில் சிலரும் அன்றைக்குச் சிரித்தீர்கள், மறக்கவில்லை!

அந்த இரண்டைத் தேடித்தான் நூலகத்துக்குப் போனேன். தேடப் போன இடத்தில் ஒரு மனிதர் கிடைத்தார். இரண்டு மார்க் கேள்வியில் பெயராக மட்டும் நாம் பார்த்துப் பழகிய கிறிஸ்டியன் டாப்ளர். அவரும் நம்மைப் போல ஒரு பாலிடெக்னிக்கில் படித்தவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதனால்தான் இந்த மலரில் அவர் கதையை எழுத வேண்டும் என்று தோன்றியது.

* * *

ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் என்று ஓர் அழகான ஊர். இசைமேதை மொசார்ட் பிறந்த ஊர். அந்த ஊரில் 1803ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி டாப்ளர் பிறந்தார். பல தலைமுறைகளாகக் கல் வேலை செய்து வந்த குடும்பம். அப்பா கல்தச்சர்களின் மேஸ்திரி. வீட்டைச் சுற்றி எப்போதும் உளிச் சத்தமும் கல் தூசியுமாகத்தான் இருந்திருக்கும்.

மகனும் உளியைப் பிடிப்பான் என்றுதான் அந்த வீட்டில் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் பையனுக்கு உடம்பு சரியில்லை. நோஞ்சான். கல்லைத் தூக்கவும் செதுக்கவும் அவனால் முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. குலத்தொழிலுக்கு லாயக்கில்லாத பிள்ளையை என்ன செய்வது?

இந்த இடத்தில் ஒரு நல்ல ஆசிரியர் வருகிறார். சால்ஸ்பர்க்கில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த சைமன் ஸ்டாம்ப்பர். பையனுக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்று பார்த்தவர், வியன்னாவில் இருந்த பாலிடெக்னிக்குக்கு அனுப்பச் சொன்னார். அந்தப் பாலிடெக்னிக் தொடங்கியே ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. 1822இல் டாப்ளர் அங்கே போய்ச் சேர்ந்தார். வயது பதினெட்டு. நம்ம வயசுதான்!

அங்கே மூன்று வருடம் படித்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி, விட்டுப்போன பள்ளிப் படிப்பை முடித்தார். மற்ற பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். 1829இல் மறுபடியும் வியன்னா போய், அதே பாலிடெக்னிக்கில் ஒரு பேராசிரியருக்கு உதவியாளர் ஆனார். ஆனால் அது தற்காலிக வேலை. நான்கு வருடம் முடிந்ததும் வெளியே வந்தாக வேண்டும்.

வெளியே வந்தால் வேலை இல்லை. இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது, நண்பர்களே. ஊர் ஊராக விண்ணப்பம் போடுகிறார். போட்டித் தேர்வு எழுதுகிறார். முடிவு வரவே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆகிறது. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு பஞ்சு நூற்பு ஆலையில் கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்து பேரேடு எழுதுகிறார். உயர்கணிதம் நடத்திய கை, பஞ்சு மூட்டைக் கணக்குப் போடுகிறது.

முப்பது வயதைத் தாண்டியும் நிலையான வேலை கிடைக்கவில்லை. இனி இந்த மண்ணில் நமக்கு இடமில்லை என்று முடிவு செய்து, அமெரிக்காவுக்கே போய்விடலாம் என்று கையிலிருந்த சாமான்களை விற்றார். மியூனிக் நகரத்துக்குப் போய் அமெரிக்கத் தூதரகத்தில் விசாரித்தும் விட்டார். அந்தக் கடைசி நேரத்தில்தான் பிராக் நகரத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர் வேலை. வருடம் 1835. அந்தக் கடிதம் இன்னும் சில மாதம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

மறுவருடம் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவரின் மகளான மெட்டில்டாவைத் திருமணம் செய்துகொண்டார். ஐந்து குழந்தைகள் பிறந்தன. பள்ளி வேலையோடு பிராக் பாலிடெக்னிக்கிலும் வாரத்துக்குச் சில மணி நேரம் பாடம் எடுத்தார். 1841இல் அங்கேயே முழுநேரப் பேராசிரியர் ஆனார். ஆக, படித்ததும் பாலிடெக்னிக், பேர் வாங்கியதும் பாலிடெக்னிக்.

* * *

1842ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி. பிராக் நகரத்தில் பொகீமிய அறிவியல் கழகத்தின் கூட்டம். டாப்ளர் எழுந்து ஒரு கட்டுரை வாசித்தார். கேட்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வானத்தில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை நட்சத்திரங்கள் ஏன் வேறு வேறு நிறத்தில் தெரிகின்றன என்பதுதான் கட்டுரையின் விஷயம்.

அவர் சொன்ன கருத்தை நம்ம பாஷையில் சொல்கிறேன். பிளாட்பாரத்தில் நிற்கிறோம். நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி வருகிறது. வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கிறது. நம்மைத் தாண்டிய அந்த நொடியில் சத்தம் தடித்துவிடுகிறது. ஹாரன் மாறவில்லை, டிரைவரும் மாறவில்லை. அப்புறம் எது மாறியது?

இன்ஜின் நம்மை நோக்கி வரும்போது ஒவ்வோர் அலையும் முந்தைய அலையைவிடக் கொஞ்சம் கிட்டே இருந்து புறப்படுகிறது. அதனால் அலைகள் நெருக்கிக்கொண்டு வந்து காதில் விழுகின்றன. விலகிப் போகும்போது ஒவ்வோர் அலையும் இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து புறப்படுகிறது. அலைகள் தள்ளித் தள்ளி வருகின்றன. அவ்வளவுதான் விஷயம்!

கணக்காகவே பார்க்கலாம். ஹாரனின் அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ். வண்டி நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். வரும்போது நம் காதில் விழுவது 425 ஹெர்ட்ஸ். போகும்போது சுமார் 378 ஹெர்ட்ஸ். பாட்டுக் கற்றுக்கொள்ளாத காதுக்கும் இந்த வித்தியாசம் தெரியும்.

ஒலிக்கு நடப்பது ஒளிக்கும் நடக்க வேண்டும் என்றார் டாப்ளர். நம்மை நோக்கி வரும் நட்சத்திரத்தின் ஒளி நீலத்தின் பக்கம் நகரும், விலகிப்போகும் நட்சத்திரத்தின் ஒளி சிவப்பின் பக்கம் நகரும். இரட்டை நட்சத்திரங்கள் நிறம் மாறித் தெரிவது இதனால்தான் என்று முடித்தார்.

இங்கேதான் ஒரு பெரிய சங்கதி. சூத்திரம் சரி. உதாரணம் தப்பு!

ஆமாம், நண்பர்களே. ஒளியின் வேகம் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். இரட்டை நட்சத்திரங்கள் சுற்றுவது நொடிக்குச் சில பத்து கிலோமீட்டர் அல்லது சில நூறு கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகத்துக்கு நம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் நிறம் மாறவே மாறாது. அப்படியே ஒளி நகர்ந்தாலும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் ஒரு பக்கத்திலிருந்து உள்ளே வந்து, காலியான இடத்தை நிரப்பிவிடும். நட்சத்திரத்தின் நிறத்துக்கு முக்கியக் காரணம் அதன் வெப்பநிலை. ஆனால் அதே கட்டுரையில், வருங்காலத்தில் வானியலாளர்கள் நட்சத்திரங்களின் வேகத்தை அளக்க இந்தக் கருத்து உதவும் என்றும் டாப்ளர் நம்பிக்கையோடு சொல்லியிருந்தார். அது அச்சு அசலாக நடந்தது.

* * *

பெரிய கருத்தைச் சொன்னால் போதுமா? எவனாவது சோதித்துப் பார்க்க வேண்டாமா? ஹாலந்து நாட்டைச் சேர்ந்த பைஸ் பாலட் என்ற இளைஞர் கிளம்பினார். டாப்ளர் சொன்ன நட்சத்திர விளக்கத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. 1845இல் உட்ரெக்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில் இன்ஜினையே கேட்டு வாங்கினார். பிப்ரவரியில் முதல் முயற்சி, மோசமான வானிலையால் கெட்டுப்போனது. ஜூன் மாதம் மறுபடியும் செய்தார்.

எக்காளம் ஊதுகிறவர்கள் சிலர் வண்டியில் ஏறிக்கொண்டு ஒரே சுரத்தை விடாமல் ஊதினார்கள். சுருதி சுத்தமான காது உள்ளவர்கள் தண்டவாளத்தின் ஓரம் நின்று கேட்டார்கள். அப்புறம் மாற்றிச் செய்தார்கள்: கீழே நிற்பவர்கள் ஊத, வண்டியில் இருப்பவர்கள் கேட்டார்கள். மீட்டர் இல்லை, ஆசிலோஸ்கோப் இல்லை. காதுதான் கருவி! முடிவு என்ன? ஒலியைப் பற்றி டாப்ளர் சொன்னது சரி. நட்சத்திர நிறத்தைப் பற்றிச் சொன்னது ஒத்துக்கொள்ள முடியாது. பைஸ் பாலட் இரண்டையும் மறைக்காமல் எழுதினார்.

1848இல் பிரான்சு நாட்டு ஃபிஸோ, மொத்த நிறத்தைப் பார்க்காமல் ஒளியின் நிறமாலையில் உள்ள கோடுகள் நகர்வதைப் பார்க்க வேண்டும் என்று வழி சொன்னார். 1868இல் இங்கிலாந்தின் ஹக்கின்ஸ் அந்த வழியில் சிரியஸ் நட்சத்திரத்தின் வேகத்தை அளக்க முயன்றார். அதைப் பார்க்க டாப்ளர் இல்லை.

* * *

இனி சொல்லப்போவதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பெரிய மனிதர்களைப் பற்றி எழுதினால் நல்லதை மட்டும் எழுதுவதுதான் வழக்கம். ஆனால் மாணவர் மலரில் இதை மறைத்தால் நியாயமில்லை.

பிராக் பாலிடெக்னிக்கில் டாப்ளர் மாணவர்களுக்குப் பிடித்த ஆசிரியராக இருக்கவில்லை. தேர்வுகளில் ரொம்பக் கறார். நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வும் எழுத்துத் தேர்வும் அவர் ஒருவரே நடத்த வேண்டியிருந்தது. இவ்வளவு கடுமை ஆகாது என்று மாணவர்கள் மேலிடத்துக்குப் புகார் கொடுத்தார்கள். விசாரணை வந்தது, கண்டிப்பும் வந்தது. அந்த நெருக்கடியில் அவர் உடம்பும் கெட்டது. நெஞ்சு நோவோடு நீண்ட விடுப்பில் போனார். 1846இல்தான் திரும்ப வந்தார்.

யார் பக்கம் நியாயம்? வேலைக்காகத் தானே தேர்வு எழுதி, முடிவுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து நொந்தவர், தன் மாணவர்களிடம் கொஞ்சம் இளகியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. அதே சமயம், பகலெல்லாம் வைவா எடுத்துவிட்டு ராத்திரி இருமிக்கொண்டே விடைத்தாள் திருத்திய ஒரு நோயாளியையும் நினைத்துப் பார்க்கிறேன். அந்த மாணவர்களுக்கு அவர் ஒரு கண்டிப்பான சார், அவ்வளவுதான். உலகம் முழுக்கப் பெயர் நிலைக்கப் போகிற ஒருவர் முன்னால்தான் வைவாவுக்கு நிற்கிறோம் என்று அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

1847இல் பிராக்கை விட்டு ஷெம்னிட்ஸ் என்ற சுரங்க ஊருக்குப் போனார். இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. அங்கே சுரங்கக் கல்லூரியில் பேராசிரியர் பதவி. அடுத்த வருடமே ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்தது. அந்தக் குழப்பத்துக்குப் பிறகு வியன்னாவுக்கே திரும்பினார். தன்னைக் கைப்பிடித்துத் தூக்கிவிட்ட ஸ்டாம்ப்பர் இருந்த இடத்தில், தான் படித்த அதே பாலிடெக்னிக்கில் பேராசிரியர் ஆனார். 1850 ஜனவரியில் வியன்னா பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கிய இயற்பியல் நிலையத்துக்கு அவரையே முதல் இயக்குநராகப் பேரரசர் நியமித்தார். அங்கே அவரிடம் இயற்பியல் படித்தவர்களில் ஒருவர் பின்னாளில் பட்டாணிச் செடிகளை வைத்துப் பாரம்பரிய விதிகளைக் கண்ட கிரிகோர் மெண்டல்.

நல்ல காலம் வந்துவிட்டது என்று நினைக்கும்போது அடி விழுந்தது. 1852இல் வியன்னா அறிவியல் கழகத்தில் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் டாப்ளரின் கருத்தை எதிர்த்துக் கிளம்பினார். போட்டோ கேமராவுக்கு நல்ல லென்ஸ் கணக்கிட்டுக் கொடுத்த பெரிய ஆள் அவர். இரண்டு வரிச் சூத்திரத்தை எல்லாம் பெரிய விஞ்ஞானம் என்று ஏற்க முடியாது, வகைக்கெழுச் சமன்பாடுகளிலிருந்து வருவதுதான் நிஜமான விதி என்பது அவர் வாதம். ஊடகமே நகர்வதையும், ஒலி எழுப்பும் பொருள் நகர்வதையும் அவர் ஒன்றாக எடுத்துக்கொண்டு குழப்பினார். டாப்ளர் பதில் சொன்னார். ஆனால் சபையில் பெட்ஸ்வால் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

அந்த வருடம் நவம்பரில், நுரையீரல் நோய் முற்றிய நிலையில், வெதுவெதுப்பான காற்றாவது உடம்பைத் தேற்றும் என்று வெனிஸ் நகரத்துக்குப் போனார். தேறவில்லை. 1853 மார்ச் 17ஆம் தேதி அங்கேயே இறந்தார். வயது நாற்பத்தொன்பது. மனைவியும் ஐந்து பிள்ளைகளும் தவித்து நின்றார்கள். நல்ல காற்றைத் தேடிப் போன மனிதர் மூச்சு முட்டி இறந்தார் என்று படித்தபோது, நூலகத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

* * *

சரி, என் செமினாருக்கு வருகிறேன். இவருக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

இறங்குகிற விமானம் சுமார் 140 நாட் வேகத்தில், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 260 கிலோமீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது தரையை வைத்து அளந்த வேகமல்ல, இறக்கையின் மேல் ஓடும் காற்றை வைத்து அளந்த வேகம். எதிர்க்காற்று அடித்துக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து, சட்டென்று எதிர்க்காற்று 20 நாட் குறைவான இடத்துக்குள் விமானம் நுழைகிறது. உடனே காற்று வேகம் 120 நாட் ஆகிவிடும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்று நாம் படித்திருக்கிறோம். 120ஐ 140ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள். 0.73 வரும். விமானத்தைத் தாங்கிய விசையில் கால் பங்குக்கு மேல் ஒரே வீச்சில் போய்விட்டது! மேலே பறக்கும்போது என்றால் சமாளிக்க இடம் உண்டு. ஓடுபாதையை நெருங்கி, தரைக்கு மேல் சில நூறு அடியில் இருக்கும்போது? இதற்குத்தான் விண்ட் ஷியர் என்று பெயர்.

விளையாட்டு விஷயம் இல்லை இது. 1985 ஆகஸ்ட் 2ஆம் தேதி அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில், இடிமேகத்திலிருந்து கொட்டிய கீழ்நோக்குக் காற்றில் சிக்கி ஒரு டெல்டா விமானம் விழுந்தது. 137 உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் அந்த நாட்டின் பல விமான நிலையங்களில் டாப்ளர் ரேடார்கள் வைத்தார்கள். மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து, துளிகளைச் சுமக்கும் காற்றின் வேகத்தைச் சொல்லும் கருவி அது.

ஆனால் மழையே இல்லாமல் வருகிற விண்ட் ஷியர் இருக்கிறதே! அதற்கு நல்ல உதாரணம் ஹாங்காங். 1998இல் அங்கே செக் லாப் கோக் என்ற இடத்தில் புது விமான நிலையம் திறந்தார்கள். கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். தெற்கே பக்கத்திலேயே லாண்டாவ் தீவின் மலைகள் நிற்கின்றன. அதில் உயர்ந்த சிகரம் 934 மீட்டர். கிழக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ பலமான காற்று வந்தால் இந்த மலைகளின் மேல்தான் வர வேண்டும். சிகரங்களுக்கு நடுவே உள்ள கணவாய்களில் காற்று நெருக்கிக்கொண்டு வேகமாகப் பாயும். சிகரத்துக்குப் பின்னால் காற்று மந்தமாகிச் சுழலும். ஆற்றில் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். விமானம் நொடிக்கு 72 மீட்டர் போகிறது. ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள காற்றோட்டத்தைப் பதினான்கு நொடியில் தாண்டிவிடும். அதற்குள் வேகக் காற்று, மந்தக் காற்று, மறுபடி வேகக் காற்று!

வானம் பளிச்சென்று இருக்கும். மேகம் இருக்காது, மழை இருக்காது. ரேடாருக்கு எதிரொலிக்கத் துளியே கிடையாது. பைலட்டின் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. அங்கேதான் லிடார் வருகிறது. 2002இல் ஹாங்காங் வானிலை ஆய்வகம் விமான நிலையத்தில் லிடார் கருவி வைத்தது. விண்ட் ஷியர் எச்சரிக்கைக்காக ஒரு விமான நிலையத்தில் லிடார் வைத்தது அதுவே உலகில் முதல் முறை. 2006இல் இரண்டாவது லிடாரும் வந்தது.

லிடார் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ரேடியோ அலைக்குப் பதில் அகச்சிவப்பு லேசர். அலைநீளம் சுமார் 2 மைக்ரான். தெளிந்த காற்றிலும் தூசி, புகை, கடல் உப்பு என்று நுண்ணிய துகள்கள் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. லேசர் அவற்றில் பட்டு, துளியூண்டு ஒளி திரும்பி வருகிறது. துகள்கள் காற்றோடு போகின்றன. எனவே திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாறியிருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் காற்றின் வேகம் கையில்.

இங்கேதான் நான் தொலைத்த இரண்டு கிடைத்தது! ஒளி போகும்போது நகரும் தூசி கேட்பவராக இருக்கிறது. அப்போது ஒரு முறை அதிர்வெண் மாறுகிறது. அதே தூசி ஒளியைத் திருப்பி அனுப்பும்போது ஊதுகிறவர் ஆகிவிடுகிறது. அப்போது இன்னொரு முறை மாறுகிறது. உட்ரெக்ட் ரயிலில் எக்காளம் ஊதியவரும் கீழே நின்று கேட்டவரும் இடம் மாறிக்கொண்டார்களே, அந்த இரண்டு வேலையையும் ஒரே தூசி செய்கிறது. ஆகவே மாற்றம் என்பது வேகத்தின் இரண்டு மடங்கை அலைநீளத்தால் வகுப்பது. காற்று நொடிக்கு ஒரு மீட்டர் போனால், 2 மைக்ரானுக்கு, சரியாக ஒரு மெகாஹெர்ட்ஸ்! நொடிக்குப் பத்து மீட்டருக்குப் பத்து மெகாஹெர்ட்ஸ்.

பெரிய எண் மாதிரி தெரிகிறதா? லேசரின் சொந்த அதிர்வெண் பதினைந்து கோடி மெகாஹெர்ட்ஸ். அதில் பத்து என்பது ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கு. நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க எந்தக் கண்ணாலும் முடியாது. டாப்ளர் நட்சத்திர விஷயத்தில் சறுக்கிய இடமும் இதேதான். அதனால் நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வேறு வழி செய்கிறார்கள். திரும்பி வந்த ஒளியை, கையில் வைத்திருக்கும் மாறாத லேசர் ஒளியோடு ஒரு டிடெக்டரில் கலக்கிறார்கள். சுருதி கிட்டத்தட்ட ஒன்றாக உள்ள இரண்டு தந்திகளை மீட்டினால் விம்மல் கேட்குமே, அது மாதிரி பத்து மெகாஹெர்ட்ஸ் விம்மல் கிடைக்கும். அதை நம்ம எலக்ட்ரானிக்ஸ் பசங்க சுலபமாக எண்ணிவிடுவார்கள்.

இன்னொரு நுட்பம். கதிரின் நேர்கோட்டில் வருகிற அல்லது போகிற வேகம் மட்டும்தான் இதில் தெரியும். குறுக்கே போகும் காற்று தெரியாது. அது குறைதானே என்று கேட்கலாம். அதையே ஹாங்காங் பொறியாளர்கள் சாதகமாக்கினார்கள். விமானம் இறங்கி வருகிற சரிவுப் பாதையை ஒட்டியே கதிரைச் செலுத்தினார்கள். அப்போது லிடாருக்குத் தெரிவது பைலட் சந்திக்கப்போகும் அதே எதிர்க்காற்றும் பின்காற்றும்தான். எதிர்க்காற்றில் 15 நாட் அல்லது அதற்கு மேல் மாற்றம் தெரிந்தால் எச்சரிக்கை போகும். பைலட் தயாராக இருப்பார், வேண்டாம் என்றால் மேலே ஏறிச் சுற்றி வருவார். மூடுபனியும் கனமழையும் வந்தால் லேசர் தூரம் போகாது. அந்த நேரத்துக்கு ரேடார் இருக்கிறது. மழைக்கு ரேடார், வெயிலுக்கு லிடார். இரண்டுக்கும் உள்ளே உட்கார்ந்திருப்பது அதே 1842ஆம் வருடத்து இரண்டு வரிச் சூத்திரம்!

* * *

நண்பர்களே, பாலிடெக்னிக் என்றால் இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் நம் தெருவிலும் உண்டு, நம் சொந்தக்காரர்களிலும் உண்டு. டிப்ளமாதானே என்று உதட்டைப் பிதுக்குவார்கள். சில நாள் நமக்கே அப்படித் தோன்றும். அவர்களிடம் வாக்குவாதம் செய்ய நான் டாப்ளரைக் கூட்டி வரவில்லை. அவரும் வேலையில்லாமல் அலைந்தார், பேரேடு எழுதினார், நாட்டை விட்டே ஓடப் பார்த்தார் என்பதைச் சொல்லத்தான் எழுதினேன். அடுத்த வருடம் இதே நாளில் நம்மில் எத்தனை பேர் அந்த இடத்தில் நிற்கப்போகிறோமோ!

இன்னொன்றும் எனக்குப் பட்டது. அவர் சொன்ன உதாரணம் தப்பாகப் போனதால் சூத்திரத்தையும் தூக்கிப் போட வேண்டும் என்று பைஸ் பாலட் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்து, சரியைச் சரி என்றும் தப்பைத் தப்பு என்றும் பிரித்தார். பெட்ஸ்வால் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. செமினாரில் ஒருவன் இரண்டை விட்டுவிட்டு நின்றால் சிரிப்பது சுலபம். அந்த இரண்டு எங்கே என்று கேட்டாரே சார், அந்தக் கேள்விதான் எனக்கு உபகாரம் செய்தது.

மறுவாரம் அனுமதி கேட்டு, அதே கரும்பலகையில் அதே சூத்திரத்தை மறுபடியும் எழுதினேன். இந்த முறை இரண்டோடு எழுதினேன். அது ஏன் வந்தது என்று எக்காளக் கதையையும் சொன்னேன். சார் தலையை ஆட்டினார், உட்காரச் சொன்னார். எவ்வளவு மார்க் போட்டார் என்பதை மட்டும் கேட்காதீர்கள்!